முதல் வரிக்கு முன்னால் ஒரு கோட்டேஷன்

விளம்பர வாசகம் எழுதுவதைத் தனித்தொழிலாகச் செய்பவர்களிடமிருந்து கட்டணம், ஒப்பந்தம் பற்றிய கேள்விகளைக் கேட்டிருந்தோம். ஏஜென்சி வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் தனியாக எழுதிவரும் ஒரு மூத்த காப்பிரைட்டர் பதில் சொல்கிறார். கேட்டவர்களில் பலர் பெயர் வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் தருகிறோம்.

பெட்ஷீட், துண்டு விற்கும் ஒரு கடைக்கு இன்ஸ்டாகிராம் பதிவுகளும் கேட்லாக் வாசகங்களும் எழுதுகிறேன். ஒரு பதிவுக்கு 150 ரூபாய் தருகிறார்கள். இது குறைவு என்று தோன்றுகிறது. மார்க்கெட் ரேட் என்ன? எவ்வளவு கேட்கலாம்?
– வாசகி, ஈரோடு

மார்க்கெட் ரேட் என்று நான் ஒரு எண்ணைச் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. ஒரே அளவுள்ள கேட்லாக்கை ஒருவர் 3,000 ரூபாய்க்கும் இன்னொருவர் 40,000 ரூபாய்க்கும் எழுதித் தருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்குமே தொடர்ந்து வேலை வருகிறது. அதனால் எண்ணை வெளியில் தேடாதீர்கள், உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுகிறேன். வீட்டுச் செலவு மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4,80,000. லேப்டாப் தேய்மானம், இணையம், மின்சாரம், போன், ஆடிட்டர் என்று தொழிலுக்கு ஆகும் செலவு 60,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் 1,20,000. வேலையில் இருப்பவர்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள், இஎஸ்ஐ இருக்கிறது. நமக்கு இரண்டும் இல்லை, அதனால் இந்த வரியை யாரும் அழிக்கக் கூடாது. வரிக்கும், வராமல் போகும் பணத்துக்கும் 60,000. கூட்டினால் 7,20,000.

இனி நாட்கள். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று போட்டு வகுத்துவிடாதீர்கள். பார்ட்டியை, அதாவது வேலை தருபவரை, பார்க்கப் போவது, கோட்டேஷன் அனுப்புவது, பணத்துக்கு நினைவூட்டுவது, காய்ச்சலில் படுப்பது, வேலை இல்லாமல் இருப்பது எல்லாம் இந்த 22-க்குள் வரும். உண்மையில் பில் போடக்கூடிய நாள் மாதத்துக்கு 12 இருந்தாலே நல்ல மாதம். ஆண்டுக்கு 144 நாள். 7,20,000-ஐ 144-ஆல் வகுத்தால் நாளுக்கு 5,000 ரூபாய். உங்களுக்கு வாடகை இல்லையென்றால், பெற்றோருடன் இருந்தால், எண் குறையும். கணக்குப் போடும் முறை அதேதான்.

இப்போது உங்கள் 150 ரூபாயைப் பாருங்கள். படத்தைப் பார்த்து, துணி ரகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுதி, அவர் சொன்ன திருத்தத்தைச் செய்து கொடுத்தால் ஒரு நாளில் ஐந்து பதிவு முடியுமா? முடிந்தாலும் 750 ரூபாய். தொகை சிறியதாக இருப்பதைவிட, பதிவுக்கு இவ்வளவு என்ற அலகுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அந்த அலகில் நீங்கள் வேகமாக எழுதினால்தான் பிழைக்க முடியும், வேகமாக எழுதினால் எழுத்து கெடும், எழுத்து கெட்டால் அவர் 150-ஐ 100 ஆக்குவார்.

அலகை மாற்றுங்கள். ‘அடுத்த மாதத்திலிருந்து மாதக் கட்டணம். அதில் 12 பதிவு, மாத ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசித் திட்டமிடுவது, ஒரு முறை திருத்தம் அடங்கும். கேட்லாக் தனி’ என்று சொல்லுங்கள். இந்த மூன்றும் சேர்ந்து உங்களுக்கு எத்தனை நாள் எடுக்கும் என்று பார்த்து, உங்கள் நாள் கட்டணத்தால் பெருக்குங்கள். கேட்லாக்குக்கும் அப்படியே. எட்டுப் பக்கம் என்றால் ரகங்களைப் பார்க்க, பேச ஒரு நாள், எழுத இரண்டு நாள், திருத்தத்துக்கு ஒரு நாள், ஆக நான்கு நாள். எத்தனை நாள் என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும், அவரிடம் சொல்வது மொத்தத் தொகையை மட்டும். நாள் கணக்கைக் காட்டினால் பேச்சு ‘இதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?’ என்று போய்விடும்.

கட்டணத்தை ஏற்றுவதை வேலை நடுவில் சொல்லக் கூடாது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் அவர்கள் திட்டம் போடுகிற நேரத்துக்கு ஒரு மாதம் முன்னால் சொல்வது நல்லது. தொகையைச் சொன்ன கையோடு ‘பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்’ என்று சேர்க்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் போன பணம் நம் தொழிலில் மிக அதிகம். அவர் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள், 12 பதிவை 8 ஆக்குங்கள். அதே வேலைக்குத் தொகையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது கூட்டிச் சொன்னது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

மும்பை ஏஜென்சி ஒன்று ஆங்கில, இந்தி விளம்பரங்களைத் தமிழில் தரச் சொல்கிறது. சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. பில் போடும்போது தமிழ்ச் சொற்களை எண்ணித்தான் தருவோம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், சென்னை

சரியில்லை. ‘வாங்கியிருந்தால்’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு சொல் ஆகிறது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், நன்றாக, இறுக்கமாக எழுத எழுத எண்ணிக்கை குறையும். தமிழ்ச் சொல்லை எண்ணிப் பணம் தந்தால், வளவள என்று எழுதுபவருக்கு அதிகம் கிடைக்கும். அதனால் மூலத்தில் எத்தனை சொல் என்பதுதான் கணக்காக இருக்க வேண்டும். வேலை தொடங்கும்போதே எண்ணிக்கை தெரிந்துவிடும், பிறகு யாருக்கும் தகராறு இல்லை.

அதுவும் விளக்கக் கையேடு, இணையதளப் பக்கம், விதிமுறைகள் மாதிரியான நீண்ட வேலைக்கு மட்டும். தலைப்பு வரி, டிவி விளம்பரத்தின் கடைசி வரி, ஜிங்கிள் எதையும் சொல் கணக்கில் தராதீர்கள். ஐந்து சொல் தலைப்புக்கு இந்தியில் உள்ள சிலேடை தமிழில் நிற்காது. புதிதாக யோசிக்க வேண்டும், மூன்று மாற்று தர வேண்டும், மும்பையில் இருப்பவருக்கு ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அது புது எழுத்து. அதற்கு ஒட்டுமொத்தத் தொகை சொல்லுங்கள், மூன்று மாற்று என்பதையும் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் திருப்பி எழுதித் தருவதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இன்னொன்று, கடைசி ப்ரூஃப். தமிழ் தெரியாத டிசைனர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய எழுத்துகளைச் சரியாக அமைக்கும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’, ‘கோ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அச்சுக்குப் போகும் கோப்பை நான் ஒரு முறை பார்ப்பேன் என்பதைக் கோட்டேஷனில் சேர்த்து, அதற்கும் ஒரு தொகை வையுங்கள். தேசிய அளவில் விற்கும் பொருளின் தமிழ் விளம்பரம் எழுத்து உடைந்து ஹோர்டிங்கில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. நம்மில் ஒருவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது.

பல ஆண்டுகளாக எனக்கு வேலை தருபவர் ஒரு இனிப்புக் கடைக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அக்ரிமென்ட் என்று ஆரம்பித்தால் ‘நமக்குள்ள எதுக்குப்பா அதெல்லாம்’ என்பார். புதிய கிளை திறக்கப் போகிறார், பெரிய வேலை. எப்படிக் கேட்பது?
– வாசகர், மதுரை

அக்ரிமென்ட் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். முத்திரைத்தாள், சாட்சிக் கையெழுத்து எதுவும் வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இருவரும் மனம் ஒப்பி, ஒரு வேலைக்கு ஒரு பணம் என்று முடிவு செய்தாலே ஒப்பந்தம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் என்ன பேசினோம் என்பதைப் பிறகு காட்ட முடியாது. மின்னஞ்சலில், வாட்ஸ்அப்பில் முடிவான ஒப்பந்தத்தை அந்தக் காரணத்துக்காகவே செல்லாது என்று சொல்ல முடியாது என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆக, உங்களுக்குத் தேவை ஒரு கடிதமும் அதற்கு அவர் போடும் ஒரு பதிலும்தான். இந்த மாதிரி எழுதுங்கள்:

‘அண்ணே, வணக்கம். நேற்றுப் பேசியதை இரண்டு பேரும் மறக்காமல் இருக்க எழுதி அனுப்புகிறேன். புதிய கிளைத் திறப்புக்கு ஒரு பத்திரிகை விளம்பரம், ஒரு பிட் நோட்டீஸ், 30 விநாடி எஃப்எம் விளம்பரம் ஒன்று. மொத்தம் 24,000 ரூபாய். தொடங்க 12,000, வாசகம் ஓகே ஆனதும் 12,000. அட்வான்ஸ் வந்த ஐந்தாம் நாள் முதல் வரைவு தருவேன். இரண்டு முறை திருத்தம் இதில் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 2,000. ஓகே சொல்வது நீங்கள் மட்டும். நான் தந்து பத்து நாளில் பதில் வராவிட்டால் ஓகே என்று எடுத்துக்கொண்டு பில் அனுப்புவேன். ஏதாவது காரணத்தால் திறப்பு விழா நின்றால், செய்த வேலைக்காக அட்வான்ஸ் என்னிடம் இருக்கும், மீதியைக் கேட்க மாட்டேன். இந்த வாசகங்கள் திறப்பு விழா விளம்பரங்களுக்கு. பிறகு வேறு எதற்காவது வேண்டும் என்றால் பேசிக்கொள்வோம். சரி என்றால் ஒரு பதில் போடுங்கள் அண்ணே.’

அவர் ‘சரிப்பா’ என்று போட்டால் போதும். அந்தச் சாட்டை அழிக்காதீர்கள், போன் மாற்றும்போது தொலைக்காதீர்கள், மின்னஞ்சலுக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் மின்னணுப் பதிவுகள் உரிய சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கப்படுகின்றன.

இதில் இரண்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ‘ஓகே சொல்வது நீங்கள் மட்டும்.’ குடும்பத் தொழில்களில் பெரியவர் ஓகே சொன்ன பிறகு தம்பி பார்ப்பார், அப்புறம் மருமகன் பார்ப்பார், அப்புறம் கல்லாவில் இருப்பவர் ஒரு யோசனை சொல்வார். ஒவ்வொருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சேர்த்ததை அடுத்தவர் எடுப்பார், நீங்கள் நடுவில் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். எல்லோரும் பார்க்கட்டும், எல்லார் கருத்தையும் தொகுத்து ஒருவர் தரட்டும். அதுதான் ஒரு முறை திருத்தம்.

இரண்டாவது, திருத்தம் என்றால் என்ன என்பது. சொன்ன விஷயத்தை வேறு மாதிரிச் சொல்லுங்கள் என்றால் அது திருத்தம். ‘10 சதவீதத் தள்ளுபடி’ என்று எழுதச் சொல்லி ஓகேயும் ஆன பிறகு, ‘ஒரு கிலோ வாங்கினால் கால் கிலோ மிக்சர் இலவசம்னு மாத்திட்டோம்’ என்றால் அது புது வேலை. விளம்பரத்தின் அடிப்படையே மாறுகிறது, தலைப்பிலிருந்து யோசிக்க வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே, சிரித்த முகத்தோடு, உதாரணத்தோடு சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் விளக்கம் என்று எடுத்துக்கொள்வார், பின்னால் சொன்னால் சண்டை என்று நினைப்பார்.

அட்வான்ஸ் கேட்கக் கூச்சம் வேண்டாம். அவரே கல்யாண ஆர்டர் எடுக்கும்போது அட்வான்ஸ் வாங்காமல் லட்டு பிடிப்பாரா?

ஒரு மருத்துவமனைக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன், 4,000 ரூபாய் தந்தார்கள். இப்போது அதே வரிகள் பேருந்தின் பின்பக்கத்தில், எஃப்எம்மில், பைபாஸ் ஹோர்டிங்கில் வருகின்றன. எழுத்தில் எதுவும் இல்லை. நான் பணம் கேட்கலாமா?
– வாசகி, திருச்சி

கேட்கலாம். நம் தொழிலில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி எழுத்தின் முதல் உரிமையாளர் எழுதியவர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். நீங்கள் சம்பளக்காரர் இல்லை, தனியாகத் தொழில் செய்பவர். காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு வேறு விதி, அங்கே எடுக்கச் சொன்னவர்தான் உரிமையாளர். எழுத்துக்கு அப்படி இல்லை. ‘காசு கொடுத்தாச்சு, இனி எங்களுது’ என்று சொல்வது இதனால்தான் நிற்காது.

உரிமையை மாற்றித் தர வேண்டும் என்றால் 19-ஆம் பிரிவின்படி அது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதிக்கு, என்ன தொகை என்று இருக்க வேண்டும். காலத்தைச் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், பகுதியைச் சொல்லாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் கையெழுத்தாகவில்லை. நோட்டீஸில் போட அவர்களுக்கு அனுமதி உண்டு, அதற்காகத்தான் நீங்களும் எழுதினீர்கள். ஹோர்டிங்குக்கும் எஃப்எம்முக்கும் பேசவே இல்லை.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. நோட்டீஸில் உள்ள பத்திகளை அப்படியே எடுத்திருந்தால் உங்கள் வாதம் வலுவானது. ஒரே ஒரு கோஷ வரியை மட்டும் எடுத்திருந்தால் கடினம். பெப்சிக்கும் கோக்குக்கும் நடந்த வழக்கில் 2003-இல் தில்லி உயர் நீதிமன்றம், விளம்பர கோஷங்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்ற நிலையைத்தான் எடுத்தது. சிறிய வரிகளை நிறுவனங்கள் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்து காத்துக்கொள்கின்றன, எழுதியவருக்கு அந்த வழி இல்லை. அதனால் ஒரு கோஷ வரி எழுதச் சொன்னால், அது எல்லா இடத்திலும் பல ஆண்டு ஓடும் என்று வைத்துக்கொண்டு முதலிலேயே முழு விலை சொல்லிவிட வேண்டும். ஆறு பக்க நோட்டீஸைவிட நான்கு சொல் வரிக்கு அதிகம் கேட்பதில் தவறே இல்லை. அந்த வரியைத்தான் அவர்கள் கட்டடத்தில் எழுதிவைப்பார்கள்.

இப்போது என்ன செய்யலாம்? வக்கீல் நோட்டீஸில் தொடங்காதீர்கள். ஹோர்டிங், பேருந்து இரண்டையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், எஃப்எம் விளம்பரத்தைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் மார்க்கெட்டிங் பார்ப்பவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: ‘வரிகள் உங்களுக்கு நன்றாகப் பயன்படுவதில் மகிழ்ச்சி. நாம் பேசியது நோட்டீஸுக்கு மட்டும். கூடுதல் பயன்பாட்டுக்கான பில் இத்துடன்.’ புதிய ஊடகம் ஒவ்வொன்றுக்கும் மூலக் கட்டணத்தில் பாதி என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்கு அது மூன்று ஊடகம், 6,000 ரூபாய். அவர்கள் ஹோர்டிங்குக்குத் தரும் வாடகையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை, பெரும்பாலும் பேசி முடிந்துவிடும்.

இனிமேல் ஒவ்வொரு கோட்டேஷனிலும் ஒரு வரி: ‘முழுப் பணமும் வந்த பிறகே பயன்படுத்தும் உரிமை, மேலே சொன்ன ஊடகங்களுக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு.’ ‘என் வேலை மாதிரித் தொகுப்பில் இதைக் காட்டலாம்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த பார்ட்டியிடம் காட்ட நம்மிடம் இருப்பது அதுதானே.

ஏஐ எழுதிய வரைவைக் கொடுத்து ‘லேசா பாலீஷ் பண்ணுங்க, கால்வாசி பணம் தர்றோம்’ என்கிறார்கள். எடுப்பதா, விடுவதா?
– வாசகர், கோவை

எடுக்கலாம், வரைவைப் படித்த பிறகு. படிக்காமல் தொகைக்குச் சம்மதிக்காதீர்கள். இலக்கணம் சரியாக இருந்தும் தமிழாக இல்லாத வரைவுகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. ‘உங்கள் சமையலறை அனுபவத்தை மறுவரையறை செய்யுங்கள்’ என்று மிக்சிக்கு எழுதியிருக்கும். சட்னி அரைப்பவர் யாரும் அப்படி யோசிப்பதில்லை. இதைச் சரிசெய்வது புதிதாக எழுதுவதைவிட நேரம் எடுக்கும், ஏனென்றால் முதலில் அதைக் கலைக்க வேண்டும்.

இரண்டு பத்தியைத் திருத்திப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்த நேரத்துக்கு உங்கள் நாள் கட்டணம் எவ்வளவோ அதுதான் தொகை. புதிதாக எழுதினால் இவ்வளவு, இதைத் திருத்தினால் இவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பல நேரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். வரைவில் உள்ள விலை, மருத்துவக் கூற்று, ‘இந்தியாவின் நம்பர் 1’ மாதிரியான தகவல்களுக்குப் பொறுப்பு தருபவருடையது என்றும் எழுதிவிடுங்கள். ஏஐ போட்ட பொய்க்கு நீங்கள் பதில் சொல்லக் கூடாது.

முதலில் இரண்டு சாம்பிள் இலவசமாக எழுதிக் காட்டச் சொல்கிறார்கள்.
– வாசகி, சேலம்

பழைய வேலையைக் காட்டுங்கள். அவர்கள் பொருளுக்கே எழுதிக் காட்ட வேண்டும் என்றால் அது வேலை, சிறிய தொகையாவது வாங்கிக்கொண்டு செய்யுங்கள். புதிதாக வருபவர்கள் ஊரில் உள்ள ஏதாவது ஒரு பொருளுக்குத் தாங்களாகவே ஐந்தாறு விளம்பரம் எழுதித் தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் சொத்தாக இருக்கும், நீங்கள் கேட்காமல் யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

ஒரு ஏஜென்சி எனக்கு 85,000 ரூபாய் தர வேண்டும். வேலை முடிந்து நான்கு மாதம். ‘பார்ட்டிகிட்ட இருந்து எங்களுக்கே வரல’ என்கிறார்கள். என்ன வழி?
– வாசகர், திருப்பூர்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு ‘அது ஃபேக்டரிக்காரர்களுக்குத்தானே’ என்று பதில் சொல்கிறவர்களே அதிகம். இல்லை. சேவைத் தொழில் செய்யும் தனிநபரும் குறுந்தொழில்தான். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதியலாம். பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை, அங்கே போகாதீர்கள்.

பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் வந்து நிற்கும். எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தவணையே பேசாவிட்டால் 15 நாள். ‘90 நாளில் தருவோம்’ என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தாலும் சட்டத்தின் 45 நாள்தான் செல்லும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி வீதம்’ என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதமாக இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி தரவில்லை என்பது ஏஜென்சிக்கும் பார்ட்டிக்கும் உள்ள விஷயம்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 1-இல் இருந்து வருமான வரியில் ஒரு விதி: குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இது ஏஜென்சியின் ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாகப் போட்டு, மார்ச் மாதத்துக்கு முன்னால் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்பிப் பாருங்கள். நான் கண்டவரை, முதலாளியிடம் பத்து முறை பேசுவதைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

அப்படியும் வராவிட்டால், தாமதமாகும் பணத்துக்காக அரசு நடத்தும் இணையதளத்தில் புகார் பதியலாம். அது இந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இந்தக் குழுக்கள் உள்ளன. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போக வேண்டும் என்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

வேலைக்கு முன்பே உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். இப்போது பதிந்தால் இனி வரும் வேலைகளுக்குத்தான் பயன். பழைய 85,000-க்கு வழக்கமான வழி: நிலுவையை எழுத்தில் கேளுங்கள், ‘தருகிறோம், கொஞ்சம் பொறுங்கள்’ என்ற பதிலையாவது எழுத்தில் வாங்குங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒத்திப் போடவும் வேண்டாம். புதிய வேலை கொடுத்து ‘இதோட சேர்த்துத் தந்துடறோம்’ என்றால் பழைய பணம் வரும்வரை தொடாதீர்கள்.

30,000 ரூபாய் பில்லுக்கு 27,000-தான் வந்தது. டிடிஎஸ் என்கிறார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாமல் பில் போடலாமா?
– வாசகர், வேலூர்

தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள். அது உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டிய வரி, வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டி, மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கலாம். வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் பிடித்தவர் கட்டாமலோ, கணக்குத் தாக்கல் செய்யாமலோ இருக்கலாம், உடனே கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இப்படிப் பிடிக்க வேண்டும். உங்களுக்கு அந்த ஆண்டில் வேறு பில்களும் இருந்தனவா என்று சரிபாருங்கள். ஜிஎஸ்டி: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. அதுவரை எண் இல்லாமல் பில் போடலாம், ஆனால் அதில் ஜிஎஸ்டி சேர்க்கக் கூடாது.

துபாயில் உள்ள ஒரு நகைக்கடைக்கு அட்சய திருதியை விளம்பரம் எழுதப் போகிறேன். ‘இங்கே இருக்கும் சொந்தக்காரர் கணக்கிலிருந்து ஜிபே செய்துவிடுகிறோம்’ என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். பணம் கடையின் கணக்கிலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டு நாணயத்தில் வரட்டும். அப்படி வந்தால்தான் அது சேவை ஏற்றுமதி என்று காட்ட முடியும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் எல்யுடி என்ற உறுதிக் கடிதத்தை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்துவிட்டு வரி இல்லாமல் பில் போடலாம். இல்லாதவர்களுக்கும் இந்த வரவு 20 லட்சக் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள். தொகையை திர்ஹத்திலேயே சொல்லுங்கள், வங்கிக் கழிவு யார் பொறுப்பு என்பதைக் கோட்டேஷனில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பார்ட்டி பணம் தராவிட்டால் இங்கிருந்து துரத்துவது சிரமம், ஆகவே பாதி முன்பணம், மீதி இறுதிக் கோப்பு அனுப்பும் முன்பு. பணம் வந்ததும் வங்கியில் வெளிநாட்டு வரவுச் சான்று கேட்டு வாங்கி, அந்த பில்லோடு சேர்த்து வையுங்கள்.